போனில் தட்டினால் பெடல் அசையவில்லையா? மிடி கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

போனிலிருந்து கிட்டார் எஃபெக்ட் பெடலுக்குக் கட்டளை கொண்டுபோகும் மொழிதான் மிடி. அதற்குச் சொல்லத்தான் தெரியும். கேட்டுக்கொண்டதற்கு அடையாளம் காட்டத் தெரியாது. போன் செயலியில் ஒரு பட்டனைத் தட்டியதும் அது பச்சையாக எரிகிறது என்றால், செயலி தன் பங்கை முடித்துவிட்டதாக நினைக்கிறது, அவ்வளவுதான். செய்தி பெடலுக்குப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தாலும் அதற்கு விளங்கியதா என்பது செயலிக்குத் தெரியாது. அந்தப் பச்சையை நம்புவதால்தான் பாதிப் பேர் பிழையைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

எந்தக் கோளாறானாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். போனிலிருந்து செய்தி வெளியே போகவில்லை. போனது பெடலின் வாசலுக்கு வரவில்லை. வந்ததைப் பெடல் ஏற்கவில்லை. மூன்றாவது இடத்துப் பிழைக்குப் புளூடூத்தை இருபது தரம் அணைத்துப் போடுவதால் ஒன்றும் ஆகாது.

வேலையைத் தொடங்குமுன் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒரே ஒரு பெடல், ஒரே ஒரு போன். பெடலின் மெனுவில் மிடி சேனல் (செய்தி எந்தக் கருவிக்கு என்று சொல்லும் எண்) 1, செயலியிலும் சேனல் 1, கிளொக் (தாள வேகத்தைச் சொல்லும் துடிப்பு) அனுப்புவதும் பெறுவதும் நிறுத்தம். போனில் வரும் போகும் செய்திகளைக் காட்டும் செயலி ஒன்றும் வேண்டும்: அண்ட்ரொயிட்டில் ‘மிடி ஸ்கோப்’, ஐபோனில் ‘மிடி ரெஞ்ச்’. பல பெடல்கள் தம் குமிழைத் திருப்பினால், குமிழின் அல்லது சுவிட்சின் மதிப்பைச் சொல்லும் கன்ட்ரோல் சேஞ்ச் செய்தி அனுப்பும் (மெனுவில் அந்த அனுமதி திறந்திருக்க வேண்டும்). குமிழைத் திருப்பும்போது போனில் வரி ஓடினால் புளூடூத்தும் யூஎஸ்பியும் குற்றவாளி அல்ல. மிடியின் பழைய வட்டப் பிளக் கொண்ட ஐந்து ஊசிக் கேபிளில் போகவும் வரவும் தனித்தனி வயர் என்பதால், அங்கே இந்தச் சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும்.

பெடலின் பெயரே போனில் தெரியவில்லை

முதலில் செய்யக்கூடாதது: போனின் புளூடூத் அமைப்புக்குள் போய்ப் பெடலைச் சோடி சேர்க்க முயல்வது. புளூடூத் மிடி, ஹெட்போன் மாதிரி இணைவதில்லை. செயலிக்குள்ளேயே ‘புளூடூத் மிடி’ என்ற இடத்தைத் திறந்து அங்கிருந்துதான் இணைக்க வேண்டும். அமைப்பில் ஏற்கெனவே சேர்த்துவிட்டால், ‘மறந்துவிடு’ என்பதை அழுத்தி நீக்கிவிட்டுச் செயலியிலிருந்து மறுபடி தேடுங்கள். செயலியில் அந்த இடமே இல்லையென்றால், அண்ட்ரொயிட்டில் ‘மிடி பிஎல்இ கனெக்ட்’ போன்ற சிறிய செயலி ஒன்றால் இணைத்து வைத்துவிட்டு உங்கள் செயலிக்குத் திரும்பலாம்.

சில பெடல்கள் இரண்டு பெயர் காட்டும்: ஒன்று பாட்டு ஒலிக்க, மற்றது மிடிக்கு. பாட்டுக்கானதை மட்டும்தான் போன் அமைப்பில் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்துவிட்டு மிடியும் சேர்ந்ததாக எண்ணுவது மிகச் சாதாரணமான பிழை.

அண்ட்ரொயிட்டில் இன்னொரு முட்டுக்கட்டை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பது போல, புளூடூத் திறந்திருந்தாலும் அனுமதி இல்லையென்றால் தேடல் வெறுமையாகவே வரும். 6 முதல் 11 வரையான பதிப்புகளில் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்து, போனின் இருப்பிடச் சேவையையும் திறந்து வைக்க வேண்டும். 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற அனுமதி. இருப்பிடம் எதற்கு என்று சந்தேகப்பட்டு மறுத்தவர்கள்தான் அதிகம். சந்தேகம் நியாயமானது, ஆனாலும் பழைய போனில் வேறு வழியில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் பெயர் வரவில்லையா? பக்கத்தில் இருப்பவரின் போனைப் பாருங்கள். பெரும்பாலான மிடி புளூடூத் கருவிகள் ஒரு நேரத்தில் ஒரு போனுடன்தான் பேசும். நேற்று ஒத்திகையில் இணைத்த போன் இன்று அறைக்குள் நுழைந்ததுமே தானாகப் பிடித்துக்கொள்ளும்.

புளூடூத் அடாப்டரில் விளக்கே எரியவில்லை

வைடி மாஸ்டர், யமஹாவின் எம்டி-பிடி01 போன்ற ஐந்து ஊசி அடாப்டர்களில் பட்டரி கிடையாது. பெடலின் மிடி அவுட் துளையில் 4ஆம் ஊசியில் நிற்கும் வோல்ட்டை எடுத்தே அவை ஓடுகின்றன. மிடி இன் மட்டும் உள்ள பெடலில் செருகினால் அடாப்டருக்குச் சாப்பாடு கிடைக்காது. இரண்டு தலைகளையும் மாற்றிச் செருகினாலும் அதே கதி.

மல்டிமீற்றர் இருந்தால் ஒரு நிமிட வேலை. அவுட் துளையை நேரே பார்த்தால் நடுவில் இருப்பது 2ஆம் ஊசி. அதன் இருபக்கமும் 4உம் 5உம். ஓரங்களில் 1உம் 3உம், அவை மிடிக்குத் தேவையில்லை. கறுப்பு முனையை 2இல் வைத்து, சிவப்பை 4இல் வையுங்கள். 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். செய்தி ஓடாத நேரத்தில் 5இலும் ஏறக்குறைய அதே அளவு நிற்கும், ஆகையால் 4க்கும் 5க்கும் இடையே பூச்சியம்தான் வரும். அதைப் பார்த்துத் துளை செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இன் துளையில் அளக்காதீர்கள். அங்கே 2ஆம் ஊசி எதனோடும் இணைக்கப்படாமல் விடப்பட்டிருக்கும்.

அவுட் இல்லாத பெடலுக்கு, வெளியிலிருந்து யூஎஸ்பி மின்சாரம் எடுக்கக்கூடிய வைடி ஜாக் மாதிரியான அடாப்டரே பொருந்தும்.

யூஎஸ்பியில் செருகினாலும் போன் கண்டுகொள்ளவில்லை

கேபிளை மாற்றிப் பாருங்கள். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கும் மலிவான கேபிள்களில் பல சார்ஜ் பண்ண மட்டுமே. தரவு போகும் இரண்டு வயர்களும் உள்ளே இருக்காது. அந்தக் கேபிளால் போனைக் கணினியோடு இணைத்து ஒரு படத்தைப் பிரதி எடுக்க முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டு பக்கமும் சி முனை உள்ள கேபிளில் மட்டும் வேலை செய்யாமல், ஓடிஜி அடாப்டரும் (யூஎஸ்பி கருவியைப் போனில் மாட்ட உதவுவது) பழைய ஏ முனைக் கேபிளும் போட்டால் வேலை செய்கிறது என்றால் பெடலின் வடிவமைப்பில் குறை. சி துளையில் வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் தடைகளைத் தயாரிப்பாளர் வைக்கவில்லை. திருத்தப் போக வேண்டாம், ஏ முனைக் கேபிளையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்போ, ரியல்மி, வன்பிளஸ் போன்களில் ஓடிஜி என்பதை அமைப்பில் தனியாகத் திறக்க வேண்டும். பயன்படுத்தாமல் 10 நிமிடம் விட்டால் அது தானாக மூடிக்கொள்ளும். ஒத்திகை இடைவேளைக்குப் பிறகு ‘திடீரென்று வேலை செய்யவில்லை’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அண்ட்ரொயிட்டின் யூஎஸ்பி அமைப்பில் ‘மிடி’ என்று ஒரு தெரிவு இருக்கிறதே என்று அதைத் தட்டிப் பயனில்லை. அது போனைக் கணினியில் மாட்டி, போனையே ஒரு மிடி கருவியாகக் காட்டுவதற்கு. இங்கே தலைமை ஏற்பது போன்.

ஐபோனில் 15க்கு முந்தியவற்றுக்கு லைட்னிங் கேமரா அடாப்டர் வேண்டும்; அதிலும் மின்சாரம் செருகும் துளை உள்ளதை வாங்குங்கள். ‘அதிக மின்சாரம் தேவை’ என்று திரை மறுத்தால் அந்தத் துளையில் சார்ஜரைக் கொடுத்தால் போதும். இணைய உலாவியில் ஓடும் எடிட்டர்கள் ஐபோனில் வேலை செய்யாது: சபாரி வெப் மிடியை ஆதரிப்பதில்லை, ஐபோனின் குரோமும் அதே இயந்திரத்தில்தான் ஓடுகிறது. அண்ட்ரொயிட் குரோமில் பிரச்சினையில்லை.

பெடலுக்குள் யூஎஸ்பி ஒலி அட்டையும் இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். போனின் சத்தமெல்லாம் பெடலுக்குள் போய், வாட்ஸ்அப் மணி அம்பில் (அம்ப்ளிஃபயரில்) அடிக்கும். அண்ட்ரொயிட்டில் டெவலப்பர் தெரிவுகளில் யூஎஸ்பி ஒலி வழிமாற்றத்தை நிறுத்தலாம்.

இணைப்பு இருக்கிறது, செய்தியும் போகிறது, பெடல் கல்லாக நிற்கிறது

சேனல் 1தானா என்று மறுபடி பாருங்கள். சில செயலிகள் சேனலை 0 முதல் 15 வரை எண்ணும், பெடல் 1 முதல் 16 வரை எண்ணும். அப்படியானால் செயலியின் 0தான் பெடலின் 1. சந்தேகமிருந்தால் பெடலை ஓம்னி நிலைக்கு மாற்றுங்கள். அப்போது எல்லாச் சேனலையும் கேட்கும். ஓம்னியில் வேலை செய்து சேனல் 1இல் செய்யாவிட்டால் பிழை எண்ணிக்கையில்.

பெறும் அனுமதி தனி. பிரிசெட்டை (பெடலில் சேமித்து வைத்த ஒலி அமைப்பை) மாற்றும் செய்திதான் புரோகிராம் சேஞ்ச். ‘புரோகிராம் சேஞ்ச் பெறு’ என்பது மெனுவில் மூடியிருக்கலாம். யூஎஸ்பி வழியாக மிடி பெறுவதற்கு வேறொரு வரி இருக்கும். ஹெச்எக்ஸ் ஸ்டொம்ப் என்ற பெடலில் அது உலகளாவிய அமைப்பின் மிடி பக்கத்தில்.

இனி வயர். 3.5 மில்லிமீற்றர் சிறிய பிளக் வழியாக மிடி எடுக்கும் பெடல்களில் இரண்டு இனம் உண்டு. ஏ வகையில் நுனி 5ஆம் ஊசி, வளையம் 4ஆம் ஊசி. பி வகையில் நேர்மாறு. மிடி சங்கம் 2018இல் ஏ வகையைத்தான் நியமமாக்கியது. பொஸ் 200 வரிசைப் பெடல்கள் அந்த வகை. அதற்கு முன் வந்த கருவிகள் பல பி வகையாகவே இன்னும் புழங்குகின்றன. தவறான வகையைச் செருகினால் ஒன்றும் எரியாது. நியமச் சுற்றில் தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்க ஒரு டயோட் இருக்கிறது. ஆனால் ஒரு செய்திகூடப் போகாது. திருத்தம்: ஒரு பக்கப் பிளக்கைத் திறந்து, நுனிக்கும் வளையத்துக்கும் போகும் வயர்களை இடம் மாற்றிப் பற்றவைப்பது. பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றுதான் என்றால் அது மொனோ கேபிள், மிடிக்கு உதவாது.

பெரிய 6.35 மில்லிமீற்றர் துளையை எக்ஸ்பிரஷன் பெடலுக்கும் (காலால் அழுத்தி அளவைக் கூட்டிக் குறைப்பது) மிடிக்கும் பொதுவாக வைத்திருக்கும் பெடல்களில், அந்தத் துளை எதற்கு என்பதை மெனுவில் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் மிடியின் மின்னோட்டத்தை எக்ஸ்பிரஷன் அசைவாக எடுத்துக்கொள்ளும்; ஒரு குமிழின் அளவு மட்டும் காரணமில்லாமல் துடிக்கும். இந்தத் துடிப்பைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் ஐந்து ஊசிக் கேபிள் கேட்டால், பழைய கசெற் டெக்குகளுக்கான ‘டின்’ என்ற வட்டப் பிளக் கேபிளை எடுத்துத் தருவதும் உண்டு. பார்வைக்கு ஒன்றேதான். அவற்றில் சில உள்ளே 1ஐ 3உடனும் 4ஐ 5உடனும் குறுக்காக மாற்றிக் கட்டியவை, மிடியில் போட்டால் மின்னோட்டம் தலைகீழாகும். கடையிலேயே மல்டிமீற்றரின் பீப் நிலையில் 4க்கு 4, 5க்கு 5, 2க்கு 2 தொடர்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீளம் 15 மீற்றருக்கு மேல் வேண்டாம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று கடலோரமாகக் குடியிருப்பவர்களுக்கு ஒரு மேலதிகக் காரணம்: உப்புக் காற்று. ஊசியில் பச்சை படிந்து, ஆட்டினால் வேலை செய்யும், விட்டால் நிற்கும். கொன்டாக்ட் கிளீனர் தெளித்து நாலைந்து தரம் செருகி எடுங்கள். தேய்தாள் போட்டால் முலாம் உரிந்து இன்னும் விரைவாகத் துருப்பிடிக்கும்.

பெடல் மாறுகிறது, ஆனால் வேறு பிரிசெட்டுக்கு

இது நல்ல செய்தி. வயரும் வானலையும் சரி. மிச்சம் கணக்கு மட்டும்.

ஒன்று தள்ளிப் போகிறது என்றால், எண்ணத் தொடங்கும் இடம் வேறு. வயரில் புரோகிராம் எண் 0 முதல் 127 வரை. செயலி அதை 1 முதல் 128 என்று காட்டலாம்; பெடலின் கையேடு இரண்டில் எதையும் எழுதியிருக்கலாம். செயலி அனுமதிக்கும் மிகச் சிறிய எண்ணை அனுப்பிப் பாருங்கள். பெடல் தன் முதல் பிரிசெட்டுக்குப் போனால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கையில் கிடைத்துவிடும். அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெடலின் அடியில் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

128க்கு மேற்பட்ட பிரிசெட்டுகளுக்கு பேங்க் (128 பிரிசெட் கொண்ட தொகுதி) வேண்டும். ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை என்ற பெடலை எடுத்துக்கொள்வோம். 300 பிரிசெட், 00 தொடங்கி ஒவ்வோர் எண்ணிலும் ஏ, பி, சி என்று மூன்று. 50 பி எங்கே இருக்கிறது? 50 × 3 = 150; ஏ என்றால் 150, பி என்றால் 151. அதில் 128 கழித்தால் 23. ஆகவே முதலில் பேங்கைச் சொல்லும் கன்ட்ரோல் சேஞ்ச் 0, மதிப்பு 1. அதன் பின் புரோகிராம் 23. ஒன்றிலிருந்து எண்ணும் செயலியில் 24 என்று தட்ட வேண்டும். வரிசை முக்கியம். பெரும்பாலான பெடல்கள் பேங்க் செய்தியைக் காதில் போட்டு வைத்துக்கொண்டு, அடுத்து புரோகிராம் வரும்போதுதான் நகரும். புரோகிராமை முன்னால் அனுப்பினால், ஒவ்வொரு தரமும் போன தடவை கேட்ட பேங்கிலேயே போய் நிற்கும். ‘இரண்டாம் தரம் தட்டினால் சரியாக வருகிறது’ என்ற முறைப்பாட்டுக்கு இதுதான் காரணம்.

சில பெடல்களில் எந்த எண் வந்தால் எந்த பிரிசெட் என்று மாற்றி எழுதக்கூடிய புரோகிராம் மெப் இருக்கும். பழைய பெடல் வாங்கியவர்கள் அதையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. முந்திய சொந்தக்காரரின் இசைக்குழு வரிசை இன்னும் உள்ளே கிடக்கலாம்.

அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் எஃபெக்ட் கேட்கிறது, அல்லது இரண்டு தரம் தட்ட வேண்டியிருக்கிறது

இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகம். செயலியில் பட்டன் இருவகை: தொட்டால் 127, விட்டால் 0 அனுப்புவது, ஒரு தட்டுக்கு 127, மறுதட்டுக்கு 0 அனுப்புவது. ஸ்ட்ரைமனின் டைம்லைன், பிக்ஸ்கை பெடல்கள் இரண்டிலும் 102ஆம் கன்ட்ரோலுக்கு 0 என்றால் பைபாஸ் (எஃபெக்ட் அணைந்த நிலை), 127 என்றால் ஓன். முதல் வகைப் பட்டனை வைத்தால் விரலை எடுத்ததும் அணைந்துவிடும். எந்த மதிப்பின் அர்த்தத்தையும் பாராமல் 64க்கு மேல் வந்ததும் நிலையை மாற்றிப் போடும் பெடலில், இரண்டாவது வகைப் பட்டன் ஒன்றுவிட்டொரு தரம்தான் வேலை செய்யும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் மிடி அட்டவணை எது என்று சொல்லும்.

எங்கள் பரிந்துரை: ஒரே பட்டனில் இரண்டையும் திணிக்காமல் 127 அனுப்ப ஒன்று, 0 அனுப்ப ஒன்று என இரண்டு பட்டன் வையுங்கள். திரையில் இடம் போகும், உண்மைதான். ஆனால் பிரிசெட் மாறும்போது பெடல் தன் சேமித்த நிலைக்குப் போய்விடும். செயலியின் பட்டனோ பழைய நிறத்திலேயே நிற்கும். இரண்டு பட்டன் இருந்தால் பொய் சொல்லும் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

எண் மோதலையும் கவனியுங்கள். ஹெச்எக்ஸ் ஸ்டொம்பில் 64ஆம் கன்ட்ரோல் டெம்போ தட்டு (தட்டும் வேகத்தையே தாள வேகமாக எடுப்பது). கீபோர்டில் அதே எண் சஸ்டெயின் கால்பெடல். இருவரும் ஒரே மிடி வலையில் ஒரே சேனலில் இருந்தால், கீபோர்ட்காரர் காலை வைக்கும்போதெல்லாம் உங்கள் டிலேயின் (எதிரொலி எஃபெக்ட்டின்) வேகம் மாறும். இதைப் பேய் வேலை என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

டிலே தாளத்தோடு நிற்கவில்லை, எதிரொலியின் சுருதி ஆடுகிறது

மிடி கிளொக் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு. 120 வேகத்தில் செக்கனுக்கு 48. ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையே 20.8 மில்லிசெக்கன். ஐபோனின் புளூடூத் மிடியோ 11.25 அல்லது 15 மில்லிசெக்கனுக்கு ஒருமுறைதான் வாய் திறக்கும். துடிப்புகள் அந்த வாய்ப்புக்காகக் காத்திருந்து முன்பின்னாகப் போகின்றன. சராசரி எடுத்துக்கொள்ளும் பெடல் சமாளிக்கும். எடுக்காத பெடல் டிலே நேரத்தை ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கும்; சுருதி ஆட்டம் அதன் சத்தம்.

புளூடூத்தில் கிளொக்கை விடுவதே மேல். வேகத்தை பிரிசெட்டிலேயே சேமிக்கலாம் (120க்குக் கால் நோட்டு 500 மில்லிசெக்கன், புள்ளி வைத்த எட்டாம் நோட்டு 375), அல்லது டெம்போ தட்டை மட்டும் அனுப்பலாம். கிளொக் கட்டாயம் வேண்டுமென்றால் யூஎஸ்பி.

கொழும்பு மேடைகளுக்கென்றே ஒரு குறிப்பு. பைலா 6/8. மேளக்காரர் 120 என்று சொல்வது புள்ளி வைத்த கால் நோட்டைத்தான். மிடி கிளொக்குக்கு அந்தப் புள்ளி தெரியாது. அது வெறும் கால் நோட்டைத்தான் எண்ணும். செயலியில் 180 என்று போட்டால்தான் டிலே பாட்டோடு நடக்கும். 120ஐ அப்படியே போட்டுவிட்டு, பெடல் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போக வேண்டாம்.

யூஎஸ்பி மாட்டியதும் அம்பில் கீச்சொலி

ஐந்து ஊசி மிடியில் நடுவே ஒளியால் இணைக்கும் ஒப்டோ இருப்பதால் இரு கருவிகளின் நிலமும் (கிரவுண்ட் இணைப்பு) ஒட்டாது. யூஎஸ்பியில் ஒட்டும். 1 கிலோஹேர்ட்ஸ் அளவில் மெல்லிய கீச்சொலி கேட்டால் அது யூஎஸ்பியின் துடிப்பு. முதலில் போனிலிருந்து சார்ஜரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஏடியூஎம்4160 சிப் வைத்த யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் போடலாம். அது 12 மெகாபிட் வேகத்துக்கு மட்டுமானது. ஒலி அட்டையும் சேர்ந்த பெடல் அதற்கு மேல் கேட்டால் இணையாது. அப்போது புளூடூத்துக்கு மாறுவதே சுலபம்.

கீச்சொலி இல்லாமல் கனத்த ரீங்காரம் என்றால் அது 50 ஹேர்ட்ஸ் வீட்டு மின்சாரம். வட்ட ஊசியையும் சதுர ஊசியையும் மாற்றும் மலிவு அடாப்டர்கள் பலவற்றில் எர்த் தொடர்பு இருக்காது. எர்த் உள்ளதை வாங்குங்கள். ரீங்காரம் போகிறது என்பதற்காக எர்த் ஊசியை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 230 வோல்ட்டில், கையில் இரும்புக் கம்பிகளோடு, வாய்க்கு அருகே மைக்கோடு நிற்பவர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் அது.

ஒத்திகையில் சரி, மேடையில் அறுந்து அறுந்து போகிறது

நிரம்பிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான போன்கள் அதே 2.4 கிகாஹேர்ட்ஸில் இருக்கின்றன. மனித உடலும் அந்த அலையை உறிஞ்சும். போனைப் பெடலிலிருந்து ஒரு மீற்றருக்குள், மைக் ஸ்டாண்டில் கட்டுங்கள். காற்சட்டையின் பின்பையில் வேண்டாம். விமான நிலையைப் போட்டுவிட்டு புளூடூத்தை மட்டும் மறுபடி திறந்தால், அழைப்பும் வராது, வைஃபையும் குறுக்கே நிற்காது. அண்ட்ரொயிட்டில் செயலியின் பட்டரிக் கட்டுப்பாட்டை ‘கட்டுப்பாடற்றது’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்ததும் இணைப்பைச் சாகவிடும்.

இரண்டாவது பெடலைச் சங்கிலியில் சேர்த்த பிறகுதான் கோளாறு என்றால், முதல் பெடலின் அவுட் ‘திரூ’ ஆக மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றாவிட்டால் அடுத்ததற்கு எதுவும் போகாது. மாறாக ஒரே தட்டுக்கு இரண்டு மூன்று தரம் மாறினால், அனுப்பியது வளையமாகச் சுற்றி வருகிறது: கடைசிப் பெடலிலிருந்து போனுக்குத் திரும்பும் வழியைக் கழற்றுங்கள், அல்லது செயலியில் உள்வருவதை வெளியே அனுப்பும் தெரிவை மூடுங்கள்.

பிரிசெட் மாறும் கணத்தில் பெடல் தானே அணைந்து எழுந்தால் மிடியை விட்டுவிட்டு மின்வழங்கியைப் பாருங்கள். டிஜிட்டல் பெடல்கள் 9 வோல்ட்டில் 300 மில்லி அம்பியரும் அதற்கு மேலும் கேட்கும். 100 மில்லி அம்பியர் துளையில் மாட்டினால் எழும்பும், வேலை கொடுத்ததும் விழும்.

கடைசியாக, மேடைக்கு முன் பிரிசெட் வரிசையை மாற்றி அடுக்குங்கள். சுத்தமான ஒலியும் லீட் ஒலியும் பெடலின் சொந்தக் கால் சுவிட்சால் எட்டக்கூடிய முதல் இரண்டு இடங்களில் இருக்கட்டும். நடுப்பாட்டில் போன் உறைந்தால் கால் போதும்.